தார் ரோட்டில் காய்ந்த முருங்கை இலை

போன வருடம் அறுவடை முடிந்த சமயம். திருபுவனையில் மூலிகைப் பொடி தயாரிக்கும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பாகூர் பக்கத்து அக்கா ஒருவர் நெல்லை விட்டுவிட்டு, எங்கள் கம்பெனியை நம்பி நிலம் முழுக்க முருங்கை போட்டிருந்தார். அவருடைய முதல் லோடு இலை வந்திருந்தது.

இலைச்சாறு உடம்பைக் காக்குமா என்று பார்க்க இரண்டு சோதனை உண்டு. சோதனைக் குழாயில் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது சுலபம். அதில் பிரமாதமாகத் தேறியது. அடுத்தது என் வேலை. வளர்த்து வைத்த செல்களுக்குச் சாற்றைக் கொடுத்து, பெராக்சைடு ஊற்றி நோகடித்து, உள்ளே குளுட்டாதயோன் போன்ற காவல் பொருள்கள் எவ்வளவு மிஞ்சின என்று அளப்பேன். மிஞ்சவேயில்லை. சாறே கொடுக்காத செல்கள் தேவலாம் என்றிருந்தது.

பச்சைச் சேலைக் கிழிசலால் கட்டியிருந்த மூட்டையைக் கொட்டிப் பார்த்தால் இலையோடு கருப்புத் துகள். நெல் காயவைக்கிற பழக்கத்தில் இலையையும் தார் ரோட்டில் பரப்பியிருக்கிறார்கள். வண்டிப் புகை, ஆயில் எல்லாம் அதில். அதே நிலத்து இலையை வரவழைத்து நிழலில் உலர்த்திச் சோதித்தேன். செல்கள் ஜம்மென்று தாக்குப்பிடித்தன! முதல் லோடு தேறவில்லை, ஆனால் இலை நல்லது, நிழலில் காயவைத்தால் போதும் என்று இரண்டையும் அறிக்கையில் எழுதினேன்.

மேனேஜர் முதல் பாதியை மட்டும் அக்காவிடம் காட்டி, ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டார். நான் அன்று லீவு.

அடுத்த வாரம் குடோனில் அதே மூட்டைகள், அதே பச்சைச் சேலைக் கிழிசலால் கட்டியபடி. புரோக்கர் மூலம் அடிமாட்டு விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "குழாய் டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சில்ல? பாக்கெட்ல அந்த ரிசல்ட்ட போட்டா போதும். உன் வேலையப் பாரும்மா" என்றார் மேனேஜர்.

மனசு கேட்காமல் அக்காவுக்கு போன் போட்டு நிழல் விஷயத்தைச் சொன்னேன்.

"ஊரே ரோட்லதாம்மா காயப்போடுது. எங்க காயவெக்கணும்னு ஒர்த்தரும் சொல்லலியே. மரத்தலாம் வெட்டிட்டேன். இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது?"

அந்த வேலையை விட்டுவிட்டேன். பொய் எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. நான் எழுதிய உண்மையில் பாதியை வைத்தே ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துவிட்டார்கள்.