பாஞ்சாலி சொன்ன நிறம்

என் தங்கச்சி பாஞ்சாலிக்கு எதையும் தானாகத் தேர்ந்தெடுக்க வராது. தீபாவளிக்குத் திண்டிவனத்தில் புடவைக் கடைக்குக் கூட்டிப்போனால், எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் கீது" என்பாள். கடைசியில் நான் கத்திவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். மாப்பிள்ளையும் அப்பா பார்த்ததுதான். அந்த மாப்பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு, நிலத்தில் மல்லாட்டைக் கடலை போடுவதா, கேப்பை போடுவதா என்று கேட்டு எனக்குத்தான் போன் வரும். நான் ஷேர் ஆட்டோ ஓட்டுவேனா, இவளுக்கு விவசாயம் பார்ப்பேனா?

அப்படிப்பட்டவளின் மகள் கலைப்பிரியாவுக்கு மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. கோயம்புத்தூரில் வேளாண்மை, சென்னையில் கால்நடை மருத்துவம், புதுச்சேரியில் நர்சிங். மூன்றும் நல்ல இடம். அதுதான் பேஜாரு. காலையில் கோயம்புத்தூர் என்று முடிவாகும். மத்தியானம் யாராவது வந்து, "அம்மாவத் தனியா உட்டுட்டு அவ்ளோ தூரமா?" என்பார்கள். உடனே புதுச்சேரி. அங்கே என்றால் தினமும் பஸ்ஸில் போய் வரலாம். நிலத்து ஓரத்து ஒத்தை வீட்டில் இருட்டிய பிறகு தனியாக இருக்க பாஞ்சாலிக்குப் பயம்.

"உனக்கு இன்னாடி புடிச்சிருக்கு?" என்று பெண்ணைக் கேட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா."

தாயைப் போலவே! எனக்குத் தலை சுற்றியது. பூச்சி விழுந்த மல்லாட்டை இலையை எல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டு திரிகிற பெண், வாயைத் திறந்து ஒரு ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

பதில் சொல்லக் கடைசி நாளும் வந்துவிட்டது. "கெளம்புங்க ஜல்தி, முருகனையே கேட்டுடலாம்" என்று இருவரையும் ஆட்டோவில் ஏற்றி மயிலம் மலைக்குக் கொண்டுபோனேன். பூ கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளை புதுச்சேரி, சிவப்பு சென்னை, மஞ்சள் கோயம்புத்தூர் என்று சத்தமாகச் சொல்லி, என் கையாலேயே மூன்று பூவையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்தேன். பூசாரி அவற்றை முருகன் காலடியில் வைத்து எடுத்து, தட்டை நீட்டினார். கலைப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

பிரித்தாள். வெள்ளை.

"சரி" என்றாள். சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டு போயிற்று. அழக்கூடாது என்று சாமியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளைன்னா கோயமுத்தூருதான்" என்றாள் பாஞ்சாலி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏய், மடிச்சவன் நானு. வெள்ளை..."

"கோயமுத்தூருதாண்ணா. உனக்கு நெனப்பில்ல."

பாஞ்சாலியா இப்படிப் பேசுகிறாள்? கலைப்பிரியா திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். நான் நிறம் சொன்னதை அவளும் கேட்டவள்தானே. பாஞ்சாலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் தட்டில் காசைப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

படியில் இறங்கும்போது பெண் முன்னால் போய், போனில் கோயம்புத்தூருக்குச் சம்மதம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பாஞ்சாலியின் காதருகே போய்ப் பல்லைக் கடித்தேன். "முருகன் எதிர்லயே பொய்யா? ஏதாவது ஆச்சுன்னா இன்னாடி பண்ணுவ?"

"ஆச்சுன்னா எனக்கு ஆவட்டும். புள்ள மூஞ்சிய நீ பாக்கல?"

"ராத்திரியில தனியா இருப்பியா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"லைட்ட போட்டுக்கினு படுத்துக்கிறேன்" என்றாள்.

அவள் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆட்டோவில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். விடிந்த பிறகும் அவள் வீட்டு வாசலில் லைட் எரிந்துகொண்டிருக்கிறது.