அக்கா சொல்லி வைத்த மூட்டைகள்

அக்கா பிறந்தது கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கொல்லைமேட்டில். நான்கு வருடம் கழித்து நான் பிறந்தேன். அக்காவின் வாழ்க்கையில் வந்த முதல் கஷ்டம் அதுதான்.

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவாகப் போடும் இந்த மலரில் என்னை எழுதச் சொன்னது மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். "வேற ஆளே இல்லையா மாமா?" என்று கேட்டேன். "உனக்குத்தான்டா எல்லாம் தெரியும்" என்றார். எல்லாம் தெரியும் என்பது உண்மைதான். அதனால்தான் எழுத வரவில்லை.

அக்கா எட்டாவது படித்தார். எங்கள் வீட்டில் அதுவே கலெக்டர் படிப்பு. கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தார். மாமாவுக்கு ஆட்டோ. அக்கா செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கத்து விடுதி ஒன்றில் அறை கூட்டும் வேலைக்குப் போனார். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் காலையில் ரொட்டியில் ஏதோ பழுப்பாகத் தடவித் தின்பதைப் பார்த்திருக்கிறார். கேட்டதும் அந்த அம்மா ஒரு ஸ்பூன் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்கா சொன்னது இதுதான்: "நம்ம மல்லாட்டைடா அது. வறுத்து அரைச்சு பாட்டில்ல போட்டிருக்கான். அதுக்குப் போயி கப்பல்ல வருது." வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை.

அடுத்த வாரமே மிக்சியில் அரைத்து, பாட்டிலில் போட்டு, ஒரு காபி கடையில் கொடுத்தார். கடைக்காரருக்குப் பிடித்தது. இரண்டாவது வாரம், "போன வாட்டி மாதிரி இல்லையேம்மா, கசக்குது" என்றார். நானாக இருந்தால் சர்க்கரை ஜாஸ்தி போட்டிருப்பேன். அக்கா பாட்டிலிலிருந்து பின்னால் நடந்தார். அரைத்ததில் தப்பில்லை, வறுத்ததில் தப்பில்லை, மளிகைக் கடையில் வாங்கிய பருப்பில் தப்பு. மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் மண்டியைக் கைகாட்டினார். மண்டியில் பத்து ஊர் மூட்டை ஒன்றாகக் கலந்து கிடந்தது. அதற்கும் பின்னால் நடந்து, பிறந்த ஊர்ப்பக்கத்து நிலத்தில் போய் நின்றார். கசப்பு அங்கேதான் ஆரம்பித்திருந்தது. ஈரம் காயாமல் மூட்டை கட்டிய மல்லாட்டை.

அங்கே நான்கு குடும்பங்களுக்கு அக்கா வாக்குக் கொடுத்தார். மார்கழியில் விதைக்கும்போதே, "சித்திரையில இவ்ளோ மூட்டை எனக்கு" என்று சொல்லி வைத்துவிடுவார். ரோட்டில் போடாமல் தார்ப்பாயில் நாலு வெயில் காய வைக்க வேண்டும், கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். அப்படி இருந்தால் ஒரு மூட்டையைக்கூடத் திருப்ப மாட்டார். மற்ற எல்லாரும் எழுதி வாங்கிக்கொள்ளும் காலத்தில் அக்கா சொல்லே போதுமாக இருந்தது.

சித்திரையில் வாங்கியதை ஓட்டோடு வீட்டின் பின்னறையில் அடுக்குவார். வெளியூர்க்காரர்கள் வரும் சீசன் கார்த்திகையில்தான் ஆரம்பிக்கும். அதுவரை கெடாமல் இருக்க, வாரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் உடைக்க வேண்டும். "ஓட்டுக்குள்ள இருந்தா தூங்குதுடா. உடைச்சா முழிச்சிக்கும். அன்னிலேர்ந்து அதுக்கு வயசு ஆவும்" என்பார். செவ்வாய்க்கிழமை வறுப்பு, புதன்கிழமை மாமாவின் ஆட்டோவில் பாட்டில் போகும், காலி பாட்டில் திரும்பி வரும். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்று முதல் நாளே போய்விடும். ஒன்பது கடைகள். ஒரு வாரம்கூட அக்கா யாரையும் காக்க வைத்ததில்லை.

நான் அதுவரை பார்த்த வேலைகளை எழுதினால் இந்த மலருக்கு அட்டை தைக்க முடியாது. எந்த வேலையும் நிலைக்காமல் கடைசியில் அக்காவிடம் வந்து சேர்ந்தேன். என் வேலை வாரம் ஒரு மூட்டையை உடைக்கும் மெஷினுக்கு எடுத்துப்போய்க் கொண்டுவருவது. மாடு செய்கிற வேலை. மாடு இன்னும் ஒழுங்காகச் செய்திருக்கும்.

போன வருடம் ஐப்பசியில் அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாமா அங்கேயே இருந்தார். வீட்டில் நானும் மூட்டைகளும்.

மெஷின்காரர் ஒரு நாள் கேட்டார். "வாராவாரம் இன்னாத்துக்கு ஒத்த மூட்டைய தூக்கினு வர்ற? மொத்தமா கொண்டா, ஒரே ஓட்டுல முடிச்சிடலாம். நீயும் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்கா பக்கத்துல இருக்கலாம்ல."

இத்தனை வருடம் அக்காவுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சீசன் முழுவதுக்கும் வைத்திருந்த மொத்த மல்லாட்டையையும் ஒரே நாளில் உடைத்து, பருப்பாக அறையில் அடுக்கினேன். மாமாவுக்குப் போன் போட்டு, "அக்கா வர்றதுக்குள்ள இன்னா பண்ணி வெச்சிருக்கேன் பாருங்க" என்று பெருமையடித்தேன். அதற்கப்புறம் மழை பிடித்தது. அந்த வாரங்களுக்கென்று வெளியே எடுத்து வைத்த பருப்பை வறுத்துத் தீர்த்துவிட்டு, இருபது நாளில் அறைக்கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து வந்த வாசனைக்கு எனக்கே விவரம் புரிந்துவிட்டது. பழைய எண்ணெய்ச் சிக்கு. அடி மூட்டையில் பூஞ்சை.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா தினமும் போனில் ஒரே கேள்விதான் கேட்பார்.

"பாட்டில் போச்சா?"

"போச்சுக்கா."

இரண்டு புதன்கிழமை அப்படிச் சொன்னேன். உண்மையில் கடைகளுக்குப் போய், "மெஷின் ரிப்பேரு, அடுத்த வாரம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் அக்கா, "வாய்க்கு ஒண்ணும் புடிக்கல. நம்ம பாட்டில் ஒண்ணு கொண்டாடா" என்றார். போளூர் ரோட்டில் வேறொருவர் செய்து விற்பதை வாங்கி, எங்கள் பாட்டிலில் மாற்றிப் போட்டுக் கொண்டுபோனேன்.

அக்கா ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார்.

"டேய். இது நம்மளது இல்ல."

"அதேதான்க்கா. மருந்து சாப்புட்றதால உனக்கு வாய் கசக்குது."

"கசக்கல. நல்லாருக்கு. அதான் கேக்கறேன். நம்மளதுல உப்பு கம்மி. யாரு செஞ்சது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லாத்தையுமா உடைச்ச?"

"எல்லாத்தையும்."

"ஒத்த மூட்டை கூட மீதி வெக்கல?"

"வெக்கலக்கா."

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம். பிறகு எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் படுத்துக்கொண்டே பேசினார்.

"இவன் நல்லா பண்றான். இவன்கிட்டயே வாங்கி, இவன் பேர்லயே நம்ம கடைங்களுக்குக் குடு. சித்திரை வரைக்கும் அப்பிடியே ஓட்டு. நமக்கு ஒண்ணும் நிக்கலன்னாலும் பரவால்ல, புதன்கிழமை ஆனா நம்ம ஆட்டோ அங்க போய் நிக்கணும். ரெண்டு வாரம் போவலன்னா அவங்க வேற கைக்குப் பழகிடுவாங்க. அப்புறம் சித்திரையில ஜெயா மூட்டைய எடுத்தாந்து எங்க எறக்கும்?"

ஜெயா அம்மா அந்த நான்கு குடும்பங்களில் ஒருவர். அக்கா சொன்னார் என்பதற்காக நெல்லை விட்டுவிட்டு இரண்டு காணியிலும் மல்லாட்டை போட்டவர்.

"நான் செத்தாலும் நிறுத்தாதடா. அன்னிக்கே போ."

"அன்னிக்கேவாக்கா?"

"சரி, அன்னிக்கு மட்டும் லேட்டா போ."

சிரித்தேன். அக்காவோடு சேர்ந்து நான் சிரித்தது அதுதான் கடைசி. அடுத்த ஐந்தாம் நாள் கார்த்திகையில் அக்கா போய்விட்டார்.

போளூர் ரோட்டுக்காரரிடம் முன்னமே பேசி வைத்திருந்தேன். அக்காவை எடுத்த மறுநாள் புதன்கிழமை. அவர் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் போன் செய்தார். நான் மொட்டைத் தலையோடு ஆட்டோ சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது பந்தலில் இருந்த பெரியவர்கள் கேட்டார்கள்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"கடைங்களுக்குப் போவணும். அக்கா சொல்லிச்சு."

"சாவு வூட்லேர்ந்து தின்ற பொருளை எடுத்துனு நாலு பேர் கடைக்குப் போவியா? பதினாறு முடியட்டும். ஊர் இன்னா பேசும்?"

அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இந்த மலரை இப்போது அவர்களும் கையில் வைத்திருப்பார்கள். பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர்கள் அவர்கள். வழக்கத்தைச் சொன்னார்கள். "அக்கா செத்தாலும் போகச் சொன்னது" என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்தது. ஊரில் எல்லாரையும் கிண்டல் பண்ணுகிற வாய். அன்றைக்கு அது திறக்கவில்லை. சாவியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் ஆயுளில் பெரியவர்கள் பேச்சை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பதினேழாம் நாள் கடை கடையாகப் போனேன். முதலில் ஆரம்பித்த காபி கடைக்காரர் என் கையைப் பிடித்து உட்கார வைத்து டீ கொடுத்தார். "துக்கம் நடந்த வீடு, எப்பிடிண்ணே போன் பண்ணிக் கேக்கறதுன்னு விட்டுட்டோம். தீபத்துக்குக் கூட்டம், பொருள் இல்லாம முடியல. வேற ஒருத்தர் வாராவாரம் கரெக்டா குடுத்துட்டாரு. இப்ப அவர எப்பிடி வேணாம்ன்றது?" என்றார். ஒன்பது கடையிலும் டீ கொடுத்தார்கள். ஒன்பது டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா இருபது வருடம் கட்டியதை நான் அவிழ்க்க இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எந்த வேலையையும் அவ்வளவு சீக்கிரம் நான் முடித்ததே இல்லை.

சித்திரை வந்தது. நான்கு குடும்பங்களுக்கும் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் வாசலில் டெம்போ வந்து நின்றது. ஜெயா அம்மா இறங்கி ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார்.

"கேட்டியா? அஞ்சு வெயில் காஞ்சுது. உங்க அக்கா நாலுதான் கேக்கும். எங்கடா எறக்கறது?"

"எறக்க வேணாம்மா. கடைங்க இல்ல."

அவர் கையிலிருந்த மல்லாட்டையை மூட்டையிலேயே திரும்பப் போட்டார். டெம்போக்காரர் வண்டியை அணைத்துவிட்டார்.

"நாலு வூடும் உங்க அக்கா சொல்லுக்குத்தான் போட்டோம். உன் சொல்லு இன்னா? அதைச் சொல்லு."

நான் தலையைச் சொறிந்தேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா. புது வண்டியே வாங்கறேன், நீயே வந்து ரிப்பன் வெட்டு" என்றேன். வாய்க்கு வந்த பேச்சு. அவர் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி. அப்ப மார்கழிக்கு வெதைக்கிறோம். உங்க அக்கா தம்பிதானே நீ" என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போனார். மற்ற மூன்று வீட்டாரும் அங்கேயே போட்டார்கள். அவ்வளவு நன்றாகக் காய்ந்ததைப் பத்து ஊர் மூட்டையோடு சேர்த்துக் கொட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நன்றி சொல்லாமல் இந்த மாதிரிக் கட்டுரையை முடிக்கக் கூடாதாம். ஆஸ்பத்திரியில் அக்காவைத் தூக்கி உட்கார வைத்த நர்சம்மாக்களுக்கு நன்றி. பதினாறு நாளும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட சொந்தங்களுக்கு நன்றி. ஒரு வருடமாக ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லாத மாமாவுக்கு நன்றி. கொஞ்சம் சொல்லியிருக்கலாம் மாமா. டீ கொடுத்த ஒன்பது கடைக்காரர்களுக்கும் நன்றி.

நான்கு குடும்பத்துக்கும் இந்த மலரை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஜெயா அம்மாவுக்குப் படிக்க வராது, யாராவது படித்துக் காட்டுங்கள். நான் வாசலில் நிற்பேன். இன்னும் பத்து நாளில் மார்கழி. விதைக்குப் பருப்பு எடுத்து வைத்திருப்பீர்கள். எங்களை நம்பி இந்த வருடம் மல்லாட்டை போட வேண்டாம்.