ஆரஞ்சு விளக்கு எரிந்தால் தொடாதீர்கள்

என் மடிக்கணினியின் ஓரத்தில் சின்னதாக ஓர் ஆரஞ்சு விளக்கு உண்டு. கணினி தூங்கும்போது மட்டும் மின்னும். அதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. பாவம், அது என்ன செய்யும்? கோபமெல்லாம் ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஷிப்ட் இன்சார்ஜ் மேல்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. டெஸ்பாட்ச் அறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. நானும் ஓர் அக்காவும் அதில் சரக்கு விவரம் அடிப்போம். அக்காவுக்கு மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீடு. வேலை பெர்மனென்ட் ஆனதும் சாத்தூர்ப் பக்கத்துச் சொந்த ஊரிலிருந்து மகளைக் கூட்டிவந்து இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும். எப்போதும் அதே பேச்சுதான். கம்ப்யூட்டரைச் சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் திரை இருண்டு, ஓர் ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிய, தூங்கிவிடும். கரண்ட் மிச்சமாகும் என்று அந்த வசதியை வைக்கச் சொன்னதே இன்சார்ஜ்தான்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். டீ பெல் அடித்ததும் எல்லோரும் எழுந்தாக வேண்டும். ஓடாமல் நிற்கிற மெஷினை இன்சார்ஜ் மெயின் சுவிட்சிலேயே அணைத்துவிடுவார். லேத் மாதிரி இரும்பு கடைகிற மெஷினுக்கு அது சரி. அந்த மனிதர் கம்ப்யூட்டருக்கும் அதையே செய்தார். டீ குடித்துத் திரும்பினால், திறந்து வைத்த ஃபைல் கெட்டுப்போயிருக்கும்.

அக்கா சொல்லிப் பார்த்தார். “சார், அது நிக்கலைங்க, தூங்குது. ஆரஞ்சு லைட் எரிஞ்சா மெயினைத் தொடாதீங்க. இல்லாட்டி அந்தத் தூக்கத்தையே எடுத்துறச் சொல்லுங்க.”

“தூங்கறதுக்கு இது என்ன சத்திரமாம்மா? தப்பு உங்க மேல, பழி மெஷின் மேலயா?”

ஒருநாள் பெங்களூர் லாரி வாசலில் நிற்க, அதன் விவரம் முழுக்க இப்படியே போனது. மேலிடத்தில் கேட்டதும் இன்சார்ஜ் அக்கா பெயரைச் சொன்னார். “நீங்கதானே சார் ஆஃப் பண்ணீங்க” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். “உன் வேலையைப் பாரு” என்றார். அந்த மாதத்தோடு அக்காவை நிறுத்திவிட்டார்கள். அவர் மகளிடம் போவதற்குப் பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் அக்காவின் இடத்துக்கு ஆள் இல்லாமல் இன்சார்ஜே உட்கார்ந்து அடித்தார். போன் பேசிவிட்டு வந்தார், திரை இருண்டிருந்தது. பழக்கதோஷம், அவரே மெயினை அணைத்துப் போட்டார். அடித்ததெல்லாம் போச்சு. உடனே சர்வீஸ்காரரை வரவழைத்தார். அவர் வந்து, உட்கார்ந்த இடத்திலேயே அந்தத் தூக்கத்தை எடுத்துவிட்டார்.

“இவ்வளவுதானா? முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமில்ல” என்றார் இன்சார்ஜ், என்னைப் பார்த்து.

இப்போது மடிக்கணினியைத் திறந்து ஒரு விசையைத் தொடுகிறேன். ஆரஞ்சு விளக்கு அணைகிறது. பாதியில் விட்ட வரி விட்ட இடத்திலேயே இருக்கிறது. அக்கா அன்று கேட்டதும் இவ்வளவுதான்.