ஒட்டு விடாத டிஸ்க்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. பூட் ஆவதற்கு டிஸ்க் எதுவும் இல்லையாம். என் கண் முன்னால்தானே என் வீட்டுக்காரர் மாட்டினார், பிறகு எப்படி இல்லாமல் போகும் என்று அந்த லேப்டாப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை அது ஓடவில்லையென்றால் என் வேலை போய்விடும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஸ்டிச்சிங் ஹாலில் வருஷக்கணக்காக மெஷின் மிதித்தவள் நான். பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். கேட்டால், "இப்பதானே போய்ட்டு வந்த?" என்பார் எல்லோர் முன்னாலும். தபாலில் படித்து வாங்கிய டிகிரியை வைத்து, வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லும் வேலை சென்னைக் கம்பெனி ஒன்றில் கிடைத்தபோது, இனி அந்த ஹாலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். என் சொந்த லேப்டாப்பில்தான் வேலை. அதுவோ பழசு. பேசிக்கொண்டிருக்கும்போதே அப்படியே நின்றுவிடும். திங்களுக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று மேலாளர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை பழைய டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு வேலூர் போனோம். லாங் பஜார் பக்கம் ஒரு கடையில், அதில் இருந்ததையெல்லாம் எஸ்.எஸ்.டி. என்கிற புது டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தார்கள். "ஒரே ஒரு ஸ்க்ரூதாங்க, வீட்லயே மாட்டிக்கலாம்" என்றார் கடைக்காரர்.

அந்த ஒரு ஸ்க்ரூவைத்தான் மறுநாள் காலை என் வீட்டுக்காரர் கீழே போட்டார். அரிசியில் பாதி இருக்கும். கட்டிலை நகர்த்தி, டார்ச் அடித்து, பெருக்கிய குப்பையைக் கையால் துழாவியும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் டிஸ்க் படியாது, ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும்.

அவருக்கு வேறொரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் வேலை. அங்கே என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. ஒன்று இல்லையென்றால் இன்னொன்றை வைத்து ஓட்டிவிடுவார்கள். "ஸ்க்ரூ இல்லன்னா இன்னா? சொல்யூஷன் இருக்குதுல்ல" என்றார். சொல்யூஷன் என்றால் ஷூ ஒட்டும் பசை. எங்கள் வீட்டில் செருப்பு, ஸ்கூல் பேக், மிக்ஸி மூடியின் ரப்பர் எல்லாம் அதன் தயவில்தான் இருக்கின்றன. இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, கட்டை விரலால் அமுக்கினார். ஆடக் கூடாதென்று சொருகும் இடத்திலும் கொஞ்சம் விட்டார். நானும் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். "ஜாஸ்தி விடாதீங்க" என்றதோடு சரி.

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளை எழுத்து. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து என்னென்னவோ செய்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். செட்டிங்கில் போய்த் தேடினேன். டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. பழைய டிஸ்க்கையே திரும்பப் போட்டுவிடலாம் என்றால் ஒட்டிய புதியது கழன்று வரவில்லை. அழுகை அழுகையாக வந்தது. அவர் மேல் எரிந்து விழக்கூடத் தெம்பில்லை.

ஞாயிறு திறந்திருக்கும் ரிப்பேர் கடை வாணியம்பாடியில் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். பைக்கில் போனோம். கடை பாய் லேப்டாப்பைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இன்னாமா, ஷூ வாசனை வருது?" என்றார். பசை உள்ளே ஓடி, டிஸ்க்கின் சொருகும் முனையில் இருக்கும் பல்லையெல்லாம் மூடியிருக்கிறது, கழற்றித் துடைத்தால் ஒருவேளை ஓடும் என்றார். எனக்கு உயிர் வந்தது.

தின்னர் தொட்டுத் தொட்டு ஊறவைத்து, மெல்ல நெம்பினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் நெம்பினார். 'டப்'பென்று வந்தது. டிஸ்க்கோடு, அது சொருகியிருந்த சாக்கெட்டும் போர்டிலிருந்து பிய்ந்துகொண்டு வந்துவிட்டது.

ஷூ கம்பெனியில் ஒட்டின சோலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். தோல் கிழியலாம், ஒட்டு மட்டும் விடக் கூடாது. கிழிந்தால் அந்த ஒட்டு பாஸ்.

"பாஸ்!" என்றார் என் வீட்டுக்காரர்.

வாய் தவறி வந்ததுதான். முகத்தில் ஒரு நொடி அப்படியொரு பெருமை. அடுத்த நொடி என்னைப் பார்த்தார். அந்த முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

"போர்டு போச்சும்மா" என்றார் பாய். வேறு லேப்டாப் இரவல் கேட்க எங்களுக்கு யாருமில்லை. வாங்க வழியுமில்லை. திங்கள் காலை மேலாளர் அம்மாவுக்குப் போன் செய்தேன். நல்லபடியாகத்தான் பேசினார். நல்ல மெஷின் கிடைத்தால் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் போனிலும் என் கம்பெனி பாஸ்வேர்டு செல்லாமல் போனது.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து அவர் நேராக வீட்டுக்கு வரவில்லை. லேட்டாக வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"உன் பழைய சூப்பர்வைசரப் பாத்துட்டுதான் வர்றேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "இடம் இருக்குதாம்."

மறுநாள் காலை அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு டிபன் பாக்ஸில் சோறு கட்டினேன்.