பக்கம் மாறிய வெளிச்சவீடு

தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையைச் செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து, மை பூசி அச்செடுத்தேன். பின்னேரம் கோயில் மண்டபத்தில் கண்காட்சி. தாளை உரித்துப் பார்த்தால் வெளிச்சவீடு துறையின் மறுபக்கத்தில் நிற்கிறது! அச்சில் இடம் வலமாகும், தகட்டில் மாற்றித்தான் கீற வேண்டும். ஊரெல்லாம் ஓவியன் என்று பீற்றித் திரிந்த என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. புதிதாகக் கீற நேரமும் இல்லை. மாவீரன் நான் என்ன செய்தேன்? வயிற்றோட்டம் என்று கட்டிலில் சுருண்டேன்.

மனைவி படத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"நடிப்பை விட்டிட்டு எழும்புங்கோ. சரியாத்தானே கீறியிருக்கிறியள்?"

"உனக்கென்ன விசரே? வெளிச்சவீடு எந்தப் பக்கம் நிக்குது, பார்!"

"கரையில நிண்டு பாக்கிற உங்களுக்குத்தான் அது பிழை. இந்தியாவில அகதி முகாமில இருந்து படகில ஊருக்குத் திரும்பி வரேக்க நான் இப்பிடித்தான் கண்டனான். கண்டவுடன அம்மா குழறி அழுதவா."

நான் எழுந்து உட்கார்ந்தேன். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில், ஊருக்கே பகிடி சொல்லும் இந்த வாய் அவள் வந்த படகைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன். கண்காட்சிக்கு நன்றாகப் பிந்திப் போனோம்.