வில்காக்ஸ் வீட்டு வாசலில் வியாழக்கிழமை

டார்லின் ஹ்ருஸ்கா எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். அப்பா செத்தபின் வாய் திறக்காத அவள் மகள் டெசா, மனநல டாக்டர் ஒருவரிடம் மட்டும் வீடியோவில் பேசினாள். அவருக்கோ ஆற்றின் அக்கரை மாநிலத்தில்தான் வைத்தியம் பார்க்க உரிமம். பிள்ளையும் அக்கரையில் இருந்தால்தான் பேசலாம், மீறினால் உரிமம் ரத்து என்று அந்த மாநில மருத்துவ உரிமக் குழுத் தலைவர் வில்காக்ஸ் டாக்டருக்குக் கடிதம் போட்டார். பாலம் தாண்டினால் டாக்டருக்குப் படித்த படிப்பு மறந்துவிடும் போலிருக்கிறது.

டார்லின் அக்கரையில் வில்காக்ஸின் வீட்டைக் கண்டுபிடித்தாள். வியாழன்தோறும் அந்த வாசலுக்கு நேரே தெருவில் காரை நிறுத்தி, டெசாவைக் காருக்குள்ளேயே டாக்டரிடம் வீடியோவில் பேசவிட்டு, பனியில் நின்று அவர் சன்னலையே முறைத்தாள்.

ஐந்தாம் வாரம் அவர் வெளியே வந்தார்.

"உங்களுக்கு என் வாசல்தான் கிடைச்சுதா?"

"எல்லைக்குள்ள இருக்கணும்னு நீங்கதானே எழுதினீங்க. இருக்கோம். மெதுவாப் பேசுங்க, என் பொண்ணு பேசிக்கிட்டிருக்கா."