பெரிய சிஸ்டருக்குச் சொல்லாமல் விட்டது

தேநீர் டம்ளரை நீட்டிய என் கையைப் பெரிய சிஸ்டர் உடனே விடவில்லை. புறங்கைத் தோலை இரண்டு விரல்களால் கிள்ளித் தூக்கினார், விட்டார், அது படிகிறதா என்று பார்த்தார். பிறகுதான் டம்ளரை வாங்கிக்கொண்டார். தான் செய்தது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. வாந்திபேதியில் உடம்பின் நீர் வற்றிவிட்டால் கிள்ளிய தோல் உடனே படியாது, மடிப்பாக அப்படியே நிற்கும். யாருக்கு முதலில் சலைன் ஏற்றுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். வார்டின் மூத்த செவிலியர் அவர்; அந்த மழைக்காலத்தில் எத்தனை கைகளைக் கிள்ளியிருப்பார் என்று சொல்ல முடியாது. பழக்கம் வார்டுக்கு வெளியேயும் வந்துவிட்டது. பேருந்தில் மீதிச் சில்லறை கொடுத்த கண்டக்டரின் கையையும் கிள்ளிவிட்டதாக அவரே வெட்கத்தோடு சொன்னார். "இன்னா சிஸ்டர், காத்தாலேர்ந்து கிள்ளிகினே கீறீங்க, எனக்கும் பாட்டில் மாட்டப் போறீங்களா?" என்று வார்டு உதவியாளர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

எண்பதுகளின் கடைசி அது. தாம்பரத்துக்கு அருகே ஒரு மருத்துவமனையில் தொற்றுநோய் வார்டு என் பொறுப்பில் இருந்தது. ஏரிக்குள்ளேயே மனை போட்டு விற்ற காலம். மழை வந்தால் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒன்றாகிவிடும். குளோரின் போட்டீர்களா என்று நகராட்சியில் கேட்டால் "போட்டாச்சு சார்" என்பார்கள். மறுநாள் அதே தெருவிலிருந்து இன்னொரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கும். நடுவில் துளையிட்ட கித்தான் கட்டில்கள், அடியில் வாளிகள். கட்டில் தீர்ந்து வராந்தாவில் பாய் போட்டோம். ஆள் கேட்டு மேலிடத்துக்கு எழுதினால், இருப்பவர்களை வைத்துச் சமாளிக்கும்படி பதில் வரும். இருப்பவர்கள் என்றால் பெரிய சிஸ்டர்தான்.

அவர் ஊரப்பாக்கத்துக்காரர். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். பள்ளிக்குப் போகும் ஒரு மகள். நீர் வற்றிய உடம்பில் நரம்பு உள்ளே ஒடுங்கிப் போயிருக்கும். ஊசி போட இடம் தேடி நாங்கள் வியர்த்துக்கொண்டிருப்போம். அவர் வந்து கண்ணை மூடி விரலால் தடவி, ஒரே குத்தில் ஏற்றிவிடுவார். மற்ற செவிலியர்களை அவ்வப்போது வேறு வார்டுக்கு மாற்றினேன். அவரை மட்டும் மாற்றவில்லை. "பெரிய சிஸ்டர் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று எல்லோர் முன்னிலும் சொல்வேன். அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவர் என் அறைக்கு வந்தார். "சார், என்னைக் கொஞ்ச நாள் கண் வார்டுக்குப் போடுங்க."

"ஏன் சிஸ்டர்?"

"அங்க நடந்து வர்றாங்க, நடந்தே திரும்பிப் போறாங்க."

"நீங்க போயிட்டா இங்க நரம்பு யார் பார்ப்பாங்க?" என்றேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. சத்து ஊசி எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்தார். இம்முறை வார்டைப் பற்றிப் பேசவில்லை. "நேத்து என் பொண்ணு விழுந்து முட்டி பேத்துக்கிட்டு வந்தா சார். அப்படி அழறா. எனக்கு ஒண்ணுமே தோணல. கழுவிக் கட்டிட்டு, அடுத்தது யாருன்னு வாசலைப் பார்க்கிறேன். வாசல்ல யாருமில்ல. நான் பார்த்துக்கிட்டே நிக்கிறேன்."

"நல்ல நர்சுன்னா அப்படித்தான் இருக்கணும். உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்றேன்.

மனம் மரத்துப்போகும் இந்த நிலைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. தேர்வில் அதைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது நோயாளிகளுக்கு வருவது என்றுதான் என் புத்தியில் பதிந்திருந்தது. பக்கத்தில் நின்று மருந்துத் தட்டை நீட்டுகிறவருக்கும் வரும் என்று நினைக்கவில்லை.

பிறகு கோவளத்திலிருந்து ஒரு மீனவப் பெண் தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பையனின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. வழக்கம்போல், "பெரிய சிஸ்டரைக் கூப்பிடு" என்றேன். வந்தார். ஊசியைக் கையில் எடுத்தார். பையனின் கையைப் பிடித்தபடி நின்றார். "சீக்கிரம் சிஸ்டர்" என்றேன். ஊசியைத் தட்டில் வைத்தார், குழாயடிக்குப் போய்க் கை கழுவினார், வாசலைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் நடந்து போய்விட்டார். தாய் அலறினாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் முன்னே வந்து, கணுக்காலில் நரம்பைத் தேடி, இரண்டாம் முயற்சியில் ஏற்றிவிட்டாள். யார் பார்ப்பாங்க என்று கேட்டேனே, அவள் பார்த்தாள். அவளுக்குப் பார்க்க வரும் என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதே இல்லை. பையன் பிழைத்துக்கொண்டான்.

அன்று மாலையே பெரிய சிஸ்டருக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினேன். 'குழந்தையின் உயிருக்கு ஆபத்து விளைவித்த அலட்சியம்' என்பது என் வாசகம். விளக்கம் வரவில்லை. கணவர் வந்து ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். நோய் அடங்கியதும் ஊர்க்காரர்கள் மேடை போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் உலகமே முகக்கவசத்தோடு கிடந்தபோது, எங்கள் அடுக்குமாடியில் ஒரு மாலை எல்லோரும் பால்கனிக்கு வந்து மருத்துவமனை ஊழியர்களுக்காகத் தட்டைத் தட்டினார்கள். இரண்டாம் மாடியில் இருக்கும் நர்ஸ் பெண் அந்நேரம்தான் பணி முடிந்து வந்தாள். தட்டைத் தட்டிய குடியிருப்போர் சங்கச் செயலாளரே கீழே இறங்கி, லிஃப்ட் வேண்டாம், படியில் போம்மா என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. உனக்கு எப்போதம்மா லீவு என்று கேட்டேன். "லீவா அங்கிள்?" என்று சிரித்துவிட்டு ஏறிப் போனாள். செயலாளரைத் திட்ட வாயெடுத்தேன். எந்த வாயால் திட்டுவது?

பெரிய சிஸ்டரை நான் மறுபடி பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில். தலை நரைத்திருந்தது. ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். மகள் காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் படித்தாள். உங்களை நான் மாற்றியிருக்க வேண்டும் சிஸ்டர், தப்பு என்னுடையது என்றேன். பல வருடம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தபடி, "அந்தக் கோவளத்துப் பையன்..." என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பிழைச்சுட்டானே சிஸ்டர். மூணாம் நாளே பிஸ்கட் கேட்டு அழுதான்."

அவர் அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தாம்பரம் போகும் ரயில் வந்து நின்று, கிளம்பிப் போனது. அவர் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

"நீங்க எழுதினதைப் படிச்சிட்டு, போயிட்டான்னே நெனச்சிட்டிருந்தேன். கோவளம் பஸ் வந்தா இன்னிக்கும் திரும்பி நின்னுக்குவேன்" என்றார். "ஒரு போஸ்ட் கார்டு போட்டிருக்கலாமே சார்."

மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.